பைன் மணம் வீசிய வீட்டில் ஒரு பாம்பு

நான் லண்டனுக்கு வந்த அன்று, என் கணவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை விமான நிலையத்திலும் சொல்லவில்லை, வரும் வழியிலும் சொல்லவில்லை. காரை ஓட்டியவர் அவருடைய நண்பர். நண்பருக்கு முன்னால் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். செவன் கிங்ஸில் அந்த வீட்டின் மாடிப்படியில் பாதி ஏறியதும், என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அறைக்குள்ள ஒரு பாம்பு இருக்கு. பெட்டிக்குள்ளதான். விஷம் இல்லாதது. நீர் பயப்பிடாதையும்."

எண்பதுகளின் கடைசி அது. சென்னைக்கு வந்து என்னைக் கட்டிவிட்டு உடனே திரும்பிப் போனவர். அதற்குப் பிறகு விசா வரும்வரை கடிதங்கள்தான். அந்தக் கடிதங்களில் குளிரைப் பற்றி எழுதியிருந்தார், பெற்றோல் நிலையத்து வேலையைப் பற்றி எழுதியிருந்தார், பக்கத்துக் கடையில் முருங்கைக்காய் வாங்கலாம் என்றுகூட எழுதியிருந்தார். பாம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

அறையில் கட்டிலுக்கு எதிரே, சுவரோரமாக, ஒரு நீளமான மரப்பெட்டி இருந்தது. முன்பக்கம் இழுத்துத் திறக்கிற கண்ணாடி. அதன்மேல் ஒரு பூப்போட்ட கட்டில் விரிப்பு. விரிப்பைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மரச்சுருள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், கவிழ்த்து வைத்த மண்சட்டி ஒன்று, மூலையில் கம்பிக்கூண்டுக்குள் ஒரு பல்பு. சட்டியின் உடைந்த விளிம்பு வழியாகச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தலை வெளியே வந்து என்னைப் பார்த்தது. நான் கட்டிலின் மேல் ஏறி நின்றேன். காலணியைக்கூடக் கழற்றவில்லை.

அவரோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பையனுடைய பாம்பு அது. கொஞ்சக் காலத்துக்குப் பார்த்துக்கொள் என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு அவன் ஆஸ்திரேலியாவுக்குப் போனான். போனவன் திரும்பி வரவில்லை. யாரிடமாவது கொடுத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். முதல் வாரத்திலேயே கொடுக்கத்தான் இருந்தாராம்.

"பிறகு மனம் வரேல்லை. வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா, அறைக்குள்ள ஒரு உயிர் இருக்கு. அது எனக்குப் போதுமா இருந்துது," என்றார்.

நான் விரிப்பை இழுத்து மூடிவிட்டு என் பெட்டியைப் பிரித்துச் சேலைகளை எடுக்கத் தொடங்கினேன். சேலைகளுக்கு நடுவே அம்மா போட்டிருந்த வெள்ளைப் பூச்சி உருண்டைகள் உருண்டு விழுந்தன. அவர் பதறிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, யன்னலைத் திறந்து வெளியே வீசினார். அந்த மணம் பாம்புக்குக் கூடாதாம். நாங்கள் ஊரில் வீட்டைச் சுற்றி உள்ளிப் பூண்டை இடித்துக் கரைத்துத் தெளிப்போம், வளவு மூலைகளில் பினைல் ஊற்றுவோம். எல்லாம் பாம்பு வராமல் இருக்கத்தான். இங்கே ஒரு மனிதர், பாம்பு சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் புது மனைவியின் சேலைப் பெட்டியைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரி மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கனடாவில். பகலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தார். நாங்கள் அவரை அன்ரி என்றே கூப்பிட்டோம். அன்ரிக்குப் பாம்பைப் பற்றித் தெரியாது. அறையை வாடகைக்குக் கொடுக்கும்போது சிகரெட் கூடாது, தபசு காலத்து வெள்ளிகளில் இறைச்சி சமைக்கக் கூடாது என்று சொன்னாராம். பாம்பு கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றியிருக்காது. முழங்கால் வருத்தத்தால் அவர் மேலே ஏறி வருவது மிகவும் அரிது. பாம்பின் சாப்பாடான செத்த சுண்டெலியை என் கணவர் அந்த வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஒருநாளும் வைத்ததில்லை. செல்லப்பிராணிக் கடையில் ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று வாங்கி, கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவருவார். அந்தச் சட்டையைத் தனியாகத்தான் தோய்த்தேன்.

அன்ரியின் வீட்டைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு அலுமாரி. அதற்குள் போத்தல்கள் வரிசையாக நிற்கும். பச்சை நிறத்தில் பைன் மணம் வீசுகிற கிருமிநாசினி, நீலநிறக் கண்ணாடி துடைக்கிற மருந்து, எலுமிச்சை மணத்தில் ஒரு பசை, ரொய்லற்றுக்கு ஊற்றுகிற வெளுப்பு நீர், பித்தளை துலக்க ஒரு தகர டப்பா. சனிக்கிழமை காலையில் வானொலியைப் போட்டுவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அன்ரி குசினியில் தொடங்குவார். பச்சைப் போத்தலைச் சுடுதண்ணீரில் கவிழ்த்ததும் வாளி பால்போல வெளுக்கும். அந்த மணம் படியேறி எங்கள் கதவின் அடியால் உள்ளே வரும். என் கணவர் எழுந்து கதவின் இடுக்கில் துவாயைச் சுருட்டி வைத்துவிட்டு யன்னலைத் திறப்பார். பனி பெய்யும் நாட்களிலும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் கோட்டு போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்து தேநீர் குடிப்போம். சேர்ந்து வாழத் தொடங்கியதில் எனக்குப் பிடித்த நேரம் அதுவென்று இப்போது தோன்றுகிறது. அப்போது குளிர்தான் பெரிதாகத் தெரிந்தது.

பாம்பை நான் தொடவில்லை. பார்க்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் வேலைக்குப் போன பிறகு, தண்ணீர்க் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். சில நாட்களில் அது என் கை போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பும்.

அடுத்த வசந்தத்தில் நான் பிள்ளைத்தாய்ச்சி ஆனேன். காலையில் எழுந்தால் வாந்தி. அன்ரி கீழிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றிவைத்துவிட்டுக் கூப்பிடுவார். பாரமான எதையும் தூக்கக் கூடாது, குனிந்து தரை துடைக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அந்த அன்பினால்தான் எல்லாம் நடந்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரம். பங்குச் சுவாமியார் வீட்டைச் செபித்து மந்திரிக்க வருவதாகச் சொல்லியிருந்தார். அன்ரி யன்னல் சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்துப் போட்டார். அந்தச் சனிக்கிழமை நாங்கள் மோர்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் தாண்டித் திரும்பினோம். வாசற்கதவைத் திறந்ததுமே பைன் மணம் முகத்தில் அறைந்தது. வழக்கத்தை விடப் பல மடங்கு. அன்ரி குசினி வாசலில் நின்றார். முகம் வியர்த்து, களைத்து, ஆனால் நல்ல சந்தோசத்தோடு.

"மேல உங்கட அறையையும் துடைச்சு விட்டனான் பிள்ளை. உமக்கு ஏலாதெல்லே. அந்தக் கண்ணாடிப் பெட்டியையும் உள்ளுக்கு வடிவா உரஞ்சி விட்டனான். மரத்தூளெல்லாம் ஒரே ஊத்தை."

என் கணவர் படிகளில் ஓடினார்.

அன்ரி அந்தப் பெட்டியைச் செடி வளர்க்கிற ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தார். பழைய மரச்சுருளை அள்ளிக் கொட்டிவிட்டு, தண்ணீர் கலக்காத பச்சை மருந்தால் பலகையைத் தேய்த்து, கிண்ணத்தையும் அதாலேயே கழுவி, கண்ணாடிக்கு நீல மருந்தை அடித்திருந்தார். கவிழ்ந்த சட்டியைத் தூக்கவில்லை. அதற்குள் மண் இருக்கும் என்று நினைத்து அதைச் சுற்றித் துடைத்திருந்தார். பிறகு கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு இறங்கிப் போயிருந்தார்.

நான் மூச்சிரைக்க மேலே போனபோது என் கணவர் கண்ணாடியைத் திறந்துகொண்டிருந்தார். பாம்பு சட்டியிலிருந்து பாதி வெளியே வந்து, தலையை மேல்நோக்கித் தூக்கி, வாயைத் திறந்தபடி கிடந்தது. வாயோரத்தில் நுரை. மூச்சு விடும்போது ஒரு சின்னச் சத்தம். குழந்தைக்குச் சளி பிடித்தால் வருமே, அந்த மாதிரி. அவர் அதைத் தூக்கினார். உடம்பு கயிறு போலத் தொங்கியது.

"குளியலறையில இளஞ்சூட்டில தண்ணி பிடிக்கவேணும். இதை ஒருக்காப் பிடியும்," என்றார்.

நான் கையை நீட்டினேன். அதற்கு முன்னால் யோசித்திருந்தால் நீட்டியிருக்க மாட்டேன். ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும் என்று இத்தனை மாதமாக நினைத்திருந்தேன். அது காய்ந்து, மிருதுவாக, நல்ல பட்டுத்துணி மடிப்பு போல இருந்தது. கல்யாணத்துக்குக் கட்டிய சேலையோடு, கையில் பாம்போடு, திறந்த யன்னல் ஓரம் போய் நின்றேன். காற்று படட்டும் என்று.

அப்போதுதான் அன்ரி படியேறி வந்தார். நாங்கள் ஓடிய சத்தம் கேட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தவர், வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவர் அலறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அலறவில்லை. கீழே முன்னறையில் அவருடைய மாதா சுருபம் ஒன்று இருந்தது, காலடியில் பாம்பை மிதித்துக்கொண்டு நிற்கிற மாதா. ஒவ்வொரு மாலையும் அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொல்லுகிறவர் அவர்.

"இதுவோ இவ்வளவு காலமும் என்ர தலைக்கு மேல இருந்தது?" என்று கேட்டார்.

என் கணவர் வாளியோடு வந்து நின்றார். ஓம் என்றார்.

"சொல்லியிருக்கலாம்தானே தம்பி."

"சொல்லியிருந்தா அறை தந்திருப்பீங்களோ அன்ரி?"

அன்ரி கொஞ்சம் யோசித்தார். "தந்திருக்க மாட்டன்," என்றார். பிறகு பாம்பின் வாயைப் பார்த்தார். அதற்கு என்ன என்று கேட்டார். அந்த மருந்தின் காற்று பாம்பின் சுவாசத்துக்குக் கூடாது, உடம்பிலும் பட்டிருக்கிறது என்று என் கணவர் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஆனாலும் அன்ரி கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி இருந்தார்.

எழுந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோகச் சொன்னார். எதில் கொண்டுபோவது என்று நாங்கள் விழித்தபோது, கீழே போய், இஸ்திரி போட்டு மினுக்கி மடித்து வைத்த ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தார். ஓரத்தில் பின்னல் வேலை செய்த வெள்ளை உறை. தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துவாயால் ஒற்றிய பாம்பை அதற்குள் விட்டு வாயைக் கட்டினோம். வாடகைக் கார் வந்தபோது அன்ரியும் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். மடியில் ஒரு பை. அதற்குள் அலுமாரியில் இருந்த போத்தல்கள் எல்லாம். எது பட்டது என்று வைத்தியர் கேட்டால் காட்ட வேண்டும் என்றார்.

காத்திருக்கிற அறையில் நாய்களும் பூனைக்கூடைகளும். எங்களிடம் ஒரு தலையணை உறை. பக்கத்தில் இருந்த பெண் உள்ளே என்ன என்று அன்புடன் கேட்டாள். அன்ரி சொன்னார். அவள் எழுந்து மற்றப் பக்கத்துக் கதிரைக்குப் போனாள்.

வைத்தியர் இளைஞர். பாம்புகளை அதிகம் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, தெரிந்த இன்னொருவருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் வைத்தியம் பார்த்தார். மறுபடி கழுவினார், வாயைத் துடைத்தார், உடம்பில் நீர் குறையாமல் இருக்க ஊசி போட்டார். பிறகு அன்ரியின் போத்தல்களை மேசையில் வரிசைப்படுத்தி, ஒரு கிளாஸ் தண்ணீரில் பச்சை மருந்தை ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். தண்ணீர் வெளுத்தது. இப்படித் தண்ணீரை வெளுக்கச் செய்கிற மருந்து எதுவும் பாம்பு இருக்கிற அறைக்குள் வரவே கூடாது என்றார். மனிதருக்குச் சுத்தமாக மணக்கிறது அதற்கு நஞ்சு. வாசனைத் தெளிப்பான், பூச்சி மருந்து, சாம்பிராணிப் புகை, எதுவும் வேண்டாம். சுடுதண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும், பிறகு நன்றாக அலசிக் காயவிட வேண்டும். அந்த மரப்பெட்டியை எறிந்துவிடச் சொன்னார். பலகை மருந்தைக் குடித்திருக்கும்.

எனக்கு அப்போது ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். அன்ரி ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். கடைசியில் வைத்தியரிடம் தானாக ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நோகிறதா என்று. வைத்தியர் கொஞ்சம் தயங்கி, நோகும்தான், ஆனால் குறையும் என்றார். பிழைக்குமா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சூடாக வைத்து, நல்ல காற்றுப் படவிட்டு, பொறுத்துப் பாருங்கள் என்று அவரே சொன்னார்.

திரும்பி வரும்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. வீடு முழுவதும் அந்த மணம். மேலறைக்குள் மனிதரே நிற்க முடியவில்லை. எங்கே வைப்பது? கம்பளம் விரித்த முன்னறை ஒன்றுதான் ஈரத்துணி படாத இடம். அன்ரி முன்னறைக் கதவைத் திறந்தார். கிறிஸ்மஸ் பாலன்குடில் சுருபங்கள் வைக்கிற ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டி அவரிடம் இருந்தது. சூசையப்பரையும் இடையர்களையும் ஆடுகளையும் எடுத்துச் சோபாவில் அடுக்கிவிட்டு, பெட்டியைச் சுடுதண்ணீரில் பல முறை அலசி, மோந்து பார்த்து, என்னிடமும் மோந்து பார்க்கத் தந்தார். என் கணவர் மூடியில் துளை போட்டார். சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றி அடியில் வைத்தோம். பெட்டியை வைக்கக் கிடைத்த இடம் மாதா சுருபத்துக்கு நேர் கீழே.

அந்த வாரம் முழுவதும் அன்ரி மெழுகுதிரி கொளுத்தவில்லை. புகை கூடாது என்று வைத்தியர் சொன்னாரே. மாதாவுக்கு விளங்கும் என்றார். இரவு உணவுக்கு முன் செபமாலை சொல்லும்போது, இடையில் நிறுத்தி, குனிந்து, பெட்டிக்குள் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் முன்னறைக்குத்தான் போவார். அங்கே அவரும் அன்ரியும் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதுவரை அவர்கள் வாடகை, மழை, தபால் தவிர வேறெதுவும் கதைத்து நான் கண்டதில்லை.

சுவாமியார் வந்த அன்று அன்ரி பெட்டிமேல் ஒரு சரிகைத் துணியைப் போட்டிருந்தார். ஆனால் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. துணிக்குள் என்ன அசைகிறது என்று சுவாமியார் கேட்டதும் உள்ளதைச் சொல்லிவிட்டார். வயதான ஐரிஷ்காரர் அவர். துணியைத் தூக்கிப் பார்த்தார், சுருபத்தைப் பார்த்தார், திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பிறகு இந்த வீட்டில் வாழுகிற எல்லா உயிர்களையும் ஆண்டவர் காக்க வேண்டும் என்று செபித்துத் தீர்த்தத்தைத் தெளித்தார். அன்ரி முன்னால் பாய்ந்து துணியை இழுத்து மூடினார். பாம்புக்கு ஆகாத உப்பு தீர்த்தத்தில் கலந்திருக்கிறதா என்று பிறகு அவரிடம் விசாரித்ததாகவும் சொன்னார்.

பாம்பு மெதுவாகத்தான் தேறியது. முதலில் வாய் மூடியது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. ஆனால் சாப்பிடவில்லை. கொண்டுவந்த சுண்டெலிகளை என் கணவர் திரும்பத் திரும்பத் தோட்டத்தில் புதைத்தார். என் வாந்தி நின்று எனக்குப் பசி எடுக்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் அதன் கண்கள் பால்படிந்தது போல மங்கின. நான் பயந்துபோனேன். செட்டை கழற்றப் போகிறது, பழைய தோலை உரிக்கப் போகிறது என்று அவர் சொன்னார். கழற்றிய செட்டை தலையிலிருந்து வால்வரை முழுசாக வந்தது. அதன் கீழே நிறம் புதுசாக, பழுத்த தோடம்பழத்து ஆரஞ்சாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாலை, நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது, அன்ரி முன்னறையிலிருந்து கூப்பிட்டார்.

"ஓடி வா பிள்ளை. உங்கட ஆள் சாப்பிடுது."

நாங்கள் இரண்டு பேரும் கதவில் சாய்ந்து நின்று பார்த்தோம். அன்ரி முழுவதையும் பார்க்கவில்லை. வால் மட்டும் வெளியே தெரிந்த கட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் போகவில்லை.

என் கணவர் ஒரு புதுப் பெட்டி செய்து பாம்பை மேலே கொண்டுபோனார். அன்ரியின் வீட்டு மணம் அந்தக் கோடையில் மாறியது. பச்சைப் போத்தல் பின்வளவுக் கழிவுநீர்க் கானுக்கு மட்டும் என்றாகிவிட்டது. சனிக்கிழமைகளில் வாளியில் சுடுதண்ணீரும் சவர்க்காரச் சீவலும். சவர்க்காரத்தை அன்ரியே கத்தியால் சீவிப் போடுவார். தரை முன்னைப்போல மணக்கவில்லை என்று முதலில் குறைப்பட்டார். பிறகு அதையும் சொல்வதில்லை.

மகன் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், நாங்கள் மோர்டனில் ஒரு சிறிய வீடு வாங்கிப் போனோம். அன்ரி மாதத்துக்கு ஒருமுறையாவது ரெயில் மாறி மாறி வருவார். சப்பாத்தைக் கழற்றும்போதே, உங்கட ஆள் எப்படி என்பார். பிள்ளையைக் கேட்பது அதற்குப் பிறகுதான். என் குசினித் தட்டில் நிற்கிற போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்து எழுத்துக்களைக் கண்ணாடி போட்டு வாசிப்பார். புதிதாக ஏதாவது கண்டால், ஒரு சொட்டு விட்டுப் பார்க்க ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்பார்.

பாம்பு இன்னும் பல வருடம் இருந்தது. மகன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். கடைசிக் காலத்தில் அசைவு குறைந்து, சாப்பாடு குறைந்து, ஒரு பனிக்காலக் காலையில் பல்பின் கீழே சுருண்டபடியே போய்விட்டிருந்தது. வயதுதான் காரணம், வேறொன்றும் இல்லை என்று வைத்தியர் சொன்னார். தோட்டத்து நிலம் இறுகிப்போய்க் கிடந்தது. என் கணவர் நெடுநேரம் வெட்டினார். நான் அவருக்குப் பக்கத்தில் தேநீரோடு நின்றேன். அவர் அழவில்லை. அன்று முழுவதும் கதைக்கவும் இல்லை.

அன்ரிக்கு ரெலிபோனில் சொன்னேன். தம்பி சாப்பிட்டாரா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவதாகச் சொன்னார். வந்தார். மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர் பரிமாற, என் கணவர் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். அன்ரி ஏதோ கேட்க, அவர் கையால் நீளத்தைக் காட்டிக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்.